கோழியில் மருந்து இல்லையாம், கிருமியில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு சகோதரர் எழுதியிருந்ததைப் படித்தேன். கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள் என்று சும்மா பயமுறுத்துகிறார்கள், அறுப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, இறைச்சியில் எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கலாம் என்பதற்கு நம் மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளிலேயே அளவு போட்டிருக்கிறது, அதனால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பது அவர் வாதம். அவர் சொன்ன விதிகள் எல்லாம் உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். கோழியில் மருந்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தக் கோழியோடு நம் வீட்டுக்கு வருகிற கிருமி என்ன கற்றுக்கொண்டு வந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. மருந்து நாலு நாளில் கோழி உடம்பை விட்டுப் போய்விடும். மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிய கிருமி போகாது. நம்மில் பெரும்பாலோர் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 34 ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளின் சிறுநீர், மலம், இரத்தம், சீழ் இவற்றிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கையகல வட்டத் தட்டில் கடற்பாசி உறைந்தது போல ஒரு கூழ் இருக்கும். அதன்மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவி, மருந்து தோய்ந்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை இடம் விட்டு வைப்போம். 35 டிகிரிச் சூட்டில் ஓர் இரவு. காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும், வேலை செய்கிற மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவோம். நான் சேர்ந்த புதிதில் சிறுநீர்க் கிருமிகளுக்கு நல்ல அகலமான வட்டங்கள் விழும். போகப் போக வட்டங்கள் சுருங்கின, அப்புறம் வில்லையின் விளிம்பு வரைக்கும் படலம் ஏறி நிற்கிற தட்டுகள் வாரத்துக்கு வாரம் வர ஆரம்பித்தன. சில தட்டுகளில் இரண்டு வில்லைகளுக்கு நடுவே வட்டம் இழுபட்டு, பழைய பூட்டின் சாவித் துவாரம் போல ஒரு வடிவம் தெரியும். அதைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிடும், இந்தக் கிருமி புதிய வகை மருந்துகளையே உடைத்துப் போடும் ஒரு நொதியைச் சுரக்கிறது என்று. அந்த நொதியைக் கட்டிப் போடுகிற இன்னொரு மருந்து பக்கத்து வில்லையில் இருப்பதால்தான், அந்த இடத்தில் மட்டும் கிருமி செத்து அப்படி ஒரு துவாரம் விழுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வகைக் கிருமி என் அண்ணனின் சிறுநீரில் வந்தது. அவருக்கு வயது 71. இ.கோலி என்ற சாதாரணக் குடல் கிருமிதான். வாயால் சாப்பிடும் மாத்திரைகளில் மருத்துவர் முதலில் கொடுத்தது கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை, கடைசியில் மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் ஏற்றும் மருந்து கொடுத்தார்கள், ஒன்பது நாள் படுத்திருந்தார். நான் பார்க்கப் போனபோது அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, நான்தான் காய்ச்சல் வந்தாலும் ரசம் குடித்துவிட்டுப் படுக்கிறவனாச்சே, பத்து வருஷத்தில் ஆன்டிபயாட்டிக் தொட்டதே இல்லையே, என் உடம்பு எப்படி மருந்துக்குப் பழகிப் போச்சு?"

இந்தக் கேள்விக்குள்ளேதான் நம் மக்களின் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. மருந்துக்குப் பழகிப் போவது மனித உடம்பு என்று நினைக்கிறோம். உடம்பு பழகுவதில்லை, கிருமி பழகுகிறது. அதுவும் அண்ணன் வயிற்றுக்குள்ளேயேதான் பழக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு எங்கோ, வேறு யார் வயிற்றிலோ, ஒரு கோழியின் குடலிலோ பழகிவிட்டு வந்து சேரலாம். வந்து சேரும் கிருமி நோய் தரும் கிருமியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தொந்தரவும் செய்யாத கிருமி, தன்னிடம் இருக்கும் எதிர்ப்பை நோய்க்கிருமிக்குக் கொடுத்துவிட்டு அது பாட்டுக்குச் செத்தும் போகலாம். அண்ணனுக்கு வந்தது எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வழி எப்படி என்பதைச் சொல்ல முடியும்.

கிருமிக்கு ஒரு பெரிய மரபணுச் சுருள் இருக்கும், அதில்தான் அது வாழ்வதற்கான எல்லாம் எழுதியிருக்கிறது. அது போக, பல கிருமிகளிடம் வளையல் மாதிரி சின்னச் சின்ன டிஎன்ஏ வளையங்கள் தனியாகக் கிடக்கும். இதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர், அந்தப் பெயரை 1952இல் வைத்தவர் ஜோஷுவா லெடர்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. கிருமிகள் ஒன்றோடொன்று மரபணுவைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 1946இல் டேட்டம் என்பவரோடு சேர்ந்து காட்டியவரும் அவர்தான், அப்போது அவருக்கு வயது 21. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இந்த வளையங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கிருமி பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை நோக்கி மெல்லிய இழை ஒன்றை நீட்டும், தொட்டு இழுக்கும், ஒட்டிக்கொண்டதும் வளையத்தின் ஓர் இழை பிரிந்து அந்தப் பக்கம் போகும், போன இடத்தில் அது தனக்கு ஜோடி இழையைக் கட்டிக்கொள்ளும், இங்கே மிச்சம் இருப்பதும் கட்டிக்கொள்ளும். கார்த்திகைக்கு ஓர் அகலில் இருந்து அடுத்த அகலை ஏற்றுவோம் இல்லையா, அதே போலத்தான், கொடுத்த விளக்கில் ஒன்றும் குறைவதில்லை. வாங்கிய கிருமி உடனே அடுத்ததற்குக் கொடுக்கத் தயார். இதில் மிகவும் கவனிக்க வேண்டியது, இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. இ.கோலி, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லாவுக்குக் கொடுக்கும், சால்மோனெல்லா, நுரையீரலைத் தாக்கும் கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும்.

இன்னும் வழிகள் உண்டு. செத்துச் சிதறிய கிருமியின் டிஎன்ஏ துண்டை உயிருள்ள கிருமி அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், கோழி இறைச்சியில் மிகுதியாக இருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இதில் கைதேர்ந்தது. கிருமிகளைத் தாக்கும் வைரஸ்கள் ஒன்றின் மரபணுவைத் தவறிப்போய் அள்ளிக்கொண்டு அடுத்ததில் இறக்கிவிடும். அது போக, இடம் விட்டு இடம் தாவும் மரபணுக்கள் இருக்கின்றன, பெரிய சுருளில் இருந்து வளையத்துக்கும் வளையத்தில் இருந்து சுருளுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். இவற்றை விரித்து எழுதினால் உங்கள் பக்கம் போதாது.

இதை உலகம் முதலில் தெரிந்துகொண்டதும் ஒரு வயிற்று நோயில் இருந்துதான். போருக்குப் பிறகு ஜப்பானில் சீதபேதி கடுமையாக இருந்தது. 1950களின் நடுவில் அங்கே ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்க்கும் ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமிகள் வர ஆரம்பித்தன. ஒரு மருந்துக்கு எதிர்ப்பு தற்செயலாக வரலாம், நான்குக்கும் ஒரே சமயத்தில் எப்படி வரும் என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் குழம்பினார்கள். நோயாளிகளின் குடலில் இருந்த சாதாரண இ.கோலியைப் பார்த்தால் அதுவும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது. 1959இல் ஒச்சியாய், அகிபா என்ற இருவரின் குழுக்கள் இரண்டு கிருமிகளையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்து, எதிர்ப்பு இ.கோலியில் இருந்து ஷிகெல்லாவுக்கு மொத்தமாகப் போய்ச் சேருவதைக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகின்றன. அன்றைக்கே இது தெரிந்துவிட்டது, ஐயா. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அந்த மூட்டை விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பண்ணைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் இருக்கிறது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு அடுத்தடுத்து இருக்கும்போது, அதில் ஒரே ஒரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தாலும் போதும், மற்ற எல்லா எதிர்ப்பும் சேர்ந்தே பிழைக்கும், சேர்ந்தே பெருகும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் 1970களில் இதை ஒரு குடும்பப் பண்ணையில் நேரடியாகச் செய்து பார்த்தார். கோழிக் குஞ்சுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலில் இருந்த இ.கோலி ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்தை எதிர்த்தன. சில மாதங்களில், கொடுக்கவே கொடுக்காத வேறு மருந்துகளையும் எதிர்க்க ஆரம்பித்தன. ஐந்தாறு மாதங்களில் அந்த வீட்டு மனிதர்களின் குடலிலும் எதிர்ப்புக் கிருமிகள் கூடின, அக்கம் பக்கத்து வீடுகளில் அந்த அளவுக்கு இல்லை. வீட்டில் இருந்தவர்கள் மருந்து சாப்பிடவில்லை, கோழிகள்தான் சாப்பிட்டன. 1976இல் இது வெளியானது. என் அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றே கிடைத்துவிட்ட பதில் அது.

சரி, இங்கே வருவோம். எங்கள் பக்கத்து ஈரச் சந்தைக்கு நான் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். எந்தச் சந்தை என்று எழுதவில்லை, பினாங்கில் எல்லாச் சந்தையிலும் இதே காட்சிதான். காலை ஆறரைக்குப் போனால் கோழி வெட்டும் கட்டை காய்ந்து சுத்தமாக இருக்கும். பத்தரைக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் குழி விழுந்த அந்தப் பெரிய மரக்கட்டையில் காலையில் இருந்து நூற்றுக்கணக்கான கோழிகள் வெட்டுப்பட்டிருக்கும், குழியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருக்கும், கத்தி போட்ட கோடுகளுக்குள் கொழுப்பு வெள்ளையாக அடைந்திருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஒரு துணி. அந்தத் துணியால்தான் கட்டையைத் துடைப்பார்கள், கத்தியைத் துடைப்பார்கள், கையைத் துடைப்பார்கள், அப்புறம் அதே கையால் மிச்சச் சில்லறை கொடுப்பார்கள். நம் ஊர் வெயிலில் அந்த நேரத்துக்கு முப்பது டிகிரியை ஒட்டியிருக்கும். கிருமிக்கு வேண்டிய ஈரம், சூடு, சாப்பாடு மூன்றும் அங்கே இருக்கின்றன. நல்ல சூழலில் இ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும், கணக்குப் போட்டால் ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சம். இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பு வளையங்கள் எல்லாமே உடம்புச் சூட்டில்தான் கைமாறும் என்று நினைத்துவிட வேண்டாம், சில வகை வளையங்கள் 22இல் இருந்து 30 டிகிரி வரைக்குள்தான் நன்றாகக் கைமாறும். பத்துப் பண்ணைகளில் இருந்து வந்த கிருமிகள் எல்லாம் ஒன்றை ஒன்று சந்திக்கிற இடம் அந்தக் கட்டைக் குழி.

கோழிக் கடைத் தம்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விடிவதற்குள் எழுந்து நின்றுகொண்டே உழைக்கிற பிள்ளை. ஒரு நாள் அவரிடம், "தம்பி, ரெண்டு கட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கழுவக் கூடாதா?" என்று கேட்டேன். "கழுவலாம் அக்கா, தண்ணி எங்க இருக்கு? குழாய் அந்தக் கோடியில. ஒவ்வொரு வாளியும் நான்தான் தூக்கிட்டு வரணும், அதுக்குள்ள இங்க ஆறு பேர் நிப்பாங்க" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். கோழி வெட்டும் வரிசைக்குக் குழாயும் சாக்கடை வாட்டமும் இல்லாத சந்தையில் சுத்தத்தைப் பற்றி அறிவிப்புப் பலகை மாட்டி என்ன பயன்?

அடுத்தது நம் வீட்டு அடுப்படி. நன்றாக வேக வைத்தால் கிருமி சாகும், இதில் சந்தேகம் இல்லை. நம் ஆட்கள் கோழியைக் குழைய வேக வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், பிரட்டல் என்றால் சுருள வதக்கிவிடுவோம், குழம்பு என்றால் கொதித்துத் தளதளக்கும். அப்படியானால் எங்கிருந்து ஆபத்து வரும் என்று கேட்பீர்கள். வெள்ளரிக்காயில் இருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாசி லெமாக்குக்கு வெள்ளரிக்காய் நறுக்கும் பலகை எது? பத்து நிமிடத்துக்கு முன் கோழி நறுக்கிய அதே பலகை, தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசியது. வெள்ளரிக்காய் வேகுவதில்லை. பச்சையாகச் சாப்பிடும் உலாம் இலைகள் வேகுவதில்லை. ரசத்தில் மேலாகக் கிள்ளிப் போடும் கொத்தமல்லியும் வேகுவதில்லை. இதோடு கோழியைக் குழாயடியில் வைத்துப் படபடவென்று அலசும் பழக்கம் நம் வீடுகளில் அழுத்தமாக இருக்கிறது, என் அம்மா அப்படித்தான் செய்தார், நானும் பல காலம் செய்தேன். அந்தத் தண்ணீர்த் தெறிப்பு தொட்டி ஓரம், கழுவிக் கவிழ்த்த தட்டு, பக்கத்தில் வைத்த கீரைக் கட்டு எல்லாவற்றிலும் போய் விழுகிறது. மஞ்சளும் உப்பும் தடவிவிட்டால் கிருமி போய்விடும் என்று நம்பியும் இருந்துவிடக் கூடாது. கோழியை அலசாமல் நேரே சட்டிக்குக் கொண்டு போவதும், கோழிக்கென்று தனிப் பலகை வைத்துக்கொள்வதும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த சாமானைத் தொடுவதும் ஒரு காசும் செலவில்லாத வேலை, சரி, பலகைக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி ஆகும்.

திறந்த இல்ல உபசரிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிக்குக் காலை பத்து மணிக்கு மேசையில் வைத்த கோழிப் பிரட்டல் மாலை நாலு மணிக்கும் அங்கேயே இருக்கிறது, வந்தவர்கள் எல்லாம் ஒரே கரண்டியைத் தொடுகிறார்கள். சூடு குறையாமல் வையுங்கள், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

இப்படி உள்ளே போகிற கிருமி நம்மை உடனே படுக்க வைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாள், இரண்டு நாள், சில வாரம் குடலில் தங்கிவிட்டுப் போய்விடும். ஆனால் தங்கியிருக்கும்போது, நம் குடலில் காலம் காலமாகக் குடியிருக்கும் கிருமிகளுக்குத் தன் வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நம் குடலில் இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை கோடி கோடியாக இருக்கிறது, எல்லாம் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து நாம் சளிக்கும் இருமலுக்கும் ஓர் ஆன்டிபயாட்டிக்கை விழுங்கினால் மற்றதெல்லாம் சாகும், வளையம் வாங்கியது மட்டும் தழைக்கும். பிறகு என்றைக்கோ ஒரு நாள் அது சிறுநீர்ப்பைக்குப் போகும்போதோ இரத்தத்தில் கலக்கும்போதோதான் நமக்குத் தெரிய வரும். அண்ணனுக்குத் தெரிந்த மாதிரி.

இந்த நாட்டில் ஆன்டிபயாட்டிக், 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அப்படியும் நம் சமூகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது புடவை, பலகாரத்தோடு நாலு அட்டை அமோக்சிசிலினும் பெட்டியில் வருகிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதில் இரண்டு. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து வேலையே செய்யாது. 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தார், யார் வேண்டுமானாலும் கடையில் பென்சிலின் வாங்கலாம் என்ற காலம் வரும், அறியாமல் குறைந்த அளவு சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று. பென்சிலினைக் கண்டுபிடித்தவரே சொன்னது.

பண்ணைகள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை, மனிதர்கள் சாப்பிடும் மருந்தும் பெரிய காரணம்தான். ஆனால் பண்ணைப் பக்கத்தில் ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். கோலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்கள். மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் ஆயுதமாக அது திரும்பி வந்தது. அதே மருந்தைப் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று தீவனத்தில் டன் டன்னாகக் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் சீனாவில் இருந்து செய்தி வந்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு வளையத்தில் ஏறிவிட்டது. அதுவரைக்கும் அந்த எதிர்ப்பு பெரிய சுருளில் ஏற்படும் மாற்றத்தால்தான் வரும், கைமாறாது என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் எடுத்த கச்சா இறைச்சி மாதிரிகளில் 523இல் 78இல் இருந்தது, பண்ணை விலங்குகளில் 804இல் 166இல் இருந்தது, நோயாளிகளில் 1,322இல் 16 பேரிடம் இருந்தது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பிறகு தேடத் தேட உலகம் முழுக்க அகப்பட்டது, பழைய உறைபெட்டிகளில் வைத்திருந்த கிருமிகளில்கூட. மலேசியாவிலும் அகப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. சீனா 2017இல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-16இல் அங்கே பன்றிகளில் 34 விழுக்காடாக இருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு இ.கோலி, 2017-18இல் 5 விழுக்காட்டுக்கு இறங்கியது, கோழிகளில் 18இல் இருந்து 5க்கு. இரண்டே ஆண்டில். நம் நாடும் 2019 ஜனவரி முதல் தேதியில் இருந்து தீவனத்தில் கோலிஸ்டினைத் தடை செய்தது, அதற்கு மனமாரப் பாராட்ட வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்கள் பண்ணை ஆன்டிபயாட்டிக் பற்றி எத்தனை காலமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மருந்தை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது என்று ஆகாது, அதற்கு டென்மார்க் சாட்சி. அவோபார்சின் என்ற தீவன மருந்தை அவர்கள் 1995இல் தடை செய்தார்கள், அது மருத்துவமனையில் கடைசி நேரத்தில் கொடுக்கும் வான்கோமைசினின் உறவுக்கார மருந்து. கோழிகளில் எதிர்ப்பு இறங்கியது. பன்றிகளில் இறங்கவே இல்லை. ஏன் என்று பார்த்தால், வான்கோமைசின் எதிர்ப்பும் டைலோசின் என்ற வேறொரு மருந்துக்கான எதிர்ப்பும் ஒரே வளையத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, பன்றிகளுக்கு டைலோசின் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. 1998 வாக்கில் அதையும் குறைத்த பிறகுதான் பன்றிகளிலும் எதிர்ப்பு இறங்கியது. மூட்டையை மூட்டையாகத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதையே மொத்தமாக நிறுத்தியது. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை, வாயில்லாப் பிராணி துடிக்கும்போது மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். நோயே இல்லாத பத்தாயிரம் கோழிக்குத் தினமும் சிறுகச் சிறுகக் கொடுப்பது வேறு. கிருமிக்குப் பாடம் நடத்த அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்து கேட்காத கிருமிகளால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் வெளியான பெரிய கணக்கு சொன்னது. நம் நாட்டிலும் 2017இல் இருந்து தேசியச் செயல்திட்டம் இருக்கிறது, இப்போது நடப்பது 2022இல் இருந்து 2026 வரைக்கும் உள்ள இரண்டாவது திட்டம். சுகாதார அமைச்சும் கால்நடைத் துறையும் சேர்ந்து செய்யும் திட்டம், நல்ல திட்டம். அதன் காலம் முடியப் போகிற இந்த நேரத்தில், அடுத்த திட்டத்தை எழுதுகிறவர்களிடம் சில விஷயங்களைக் கேட்க விரும்புகிறேன், உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டால் காதில் விழும் என்ற நம்பிக்கையில்.

கடைகளிலும் சந்தைகளிலும் விற்கும் கோழியில் இருந்து கிருமியை எடுத்து, அது எந்தெந்த மருந்தை எதிர்க்கிறது என்று பார்த்த விவரத்தை ஆண்டுதோறும் மாநில வாரியாக, சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் வெளியிட வேண்டும். இறைச்சியில் மருந்து மிச்சம் இல்லை என்ற ஒரு வரியோடு எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அடுத்து, கோழி உறையில் என்ன ஒட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆன்டிபயாட்டிக் இல்லை என்று எழுதியிருப்பதற்கு, இறைச்சியில் மிச்சம் இல்லை என்று பொருளா, குஞ்சாக இருந்த நாளில் இருந்து கொடுக்கவே இல்லை என்று பொருளா? வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மருந்து குறைந்தால் பண்ணைக்காரருக்குச் செலவு கூடும் என்பது எனக்குத் தெரியும், கொட்டகையில் காற்றோட்டம் வேண்டும், நெரிசலைக் குறைக்க வேண்டும், தடுப்பூசி ஒழுங்காகப் போட வேண்டும். சிறு பண்ணைக்காரர்கள் தலையில் மட்டும் இதைக் கட்டாமல் அரசு கைகொடுக்க வேண்டும். கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் கொடுக்க நான் தயார், ஆனால் எல்லோராலும் முடியாது, அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். அண்ணியிடம் சொல்லிப் பச்சைப் பலகை ஒன்று காய்க்கு, சிவப்புப் பலகை ஒன்று கோழிக்கு என்று வாங்கி வைத்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் மாற்றி எடுத்தால் சத்தம் போடுகிறார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவருக்கு மறுபடியும் சிறுநீரில் எரிச்சல் வந்து பரிசோதனைக்குக் கொடுத்தபோது, முடிவு வரும் வரைக்கும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த முறை சாதாரண மாத்திரைக்கே கேட்டது.

கடைசியாக எங்கள் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம் எல்லாம் வருகிறபோது வரட்டும். சந்தையில் கோழிக் கடைகள் இருக்கும் வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுங்கள், தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாட்டம் எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது கட்டையைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தத் தம்பி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர், உங்கள் நெடுநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு